ஓடும் இரத்தத்தில் உறைவு: கணித மாதிரி

நாளங்களில் ஓடும் இரத்தம் எங்கே, எவ்வளவு விரைவில் உறையும் என்பதைச் சமன்பாடுகளால் கணிக்கும் முறை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்களுக்கு இதன் அடிப்படை புதிதல்ல: வாய்க்காலில் ஓட்டம் மட்டுப்படும் இடத்தில்தான் வண்டல் தங்கும். சிரைகளிலும் ஓட்டம் தேங்கினால், உறைவுக் காரணிகள் அடித்துச் செல்லப்படாமல் சேர்ந்து ஃபைப்ரின் வலை பின்னப்படுகிறது. உவமை அத்துடன் நின்றுவிடும். குறுகிய தமனியில் ஓட்டம் கடுமையாகும்போதும் உறைவு உண்டாகிறது. அங்கே வான் வில்லிபிராண்டு புரதம் நீண்டு விரிந்து தட்டணுக்களைப் பிடித்து நிறுத்துகிறது.

ஓட்டம் மட்டுமல்ல, வேதிவினைகளும் உறைவைத் தீர்மானிக்கின்றன. வயல்வெளிகளில் மக்கள் அஞ்சும் கண்ணாடி விரியனின் நஞ்சு, 5, 10 ஆம் உறைவுக் காரணிகளைத் தூண்டி, ஃபைப்ரினாக மாறவேண்டிய ஃபைப்ரினோஜனைச் செலவழித்துவிடுகிறது. பிறகு இரத்தம் உறைவதில்லை. இதை அறிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். எளிய, உயிர்காக்கும் சோதனை. ஆனால் அது அசையாத இரத்தம்.

ஓட்டத்தையும் வேதிவினைகளையும் சேர்த்து, உறைவு உருவாவதோடு கரைவதையும் விவரித்த முக்கிய மாதிரி 2003இல் வெளிவந்தது. அதை எம். ஆனந்த், கே. ராஜகோபால் ஆகியோருடன் இணைந்து உருவாக்கியவர், சென்னை ஐஐடியில் பயின்ற இயக்கவியல் அறிஞர் கே. ஆர். ராஜகோபால். இரத்தத்தை வெறும் தண்ணீர்போலக் கருதாமல், பாகுத்தன்மையும் மீள்தன்மையும் கொண்ட பாய்மமாக அதில் எடுத்துக்கொண்டார்கள்.