அவைக்கென ஓர் அறிவுத்துணை: அமெரிக்கத் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகத்தின் வரலாறு (1972–1995)

ஆய்வுச் சுருக்கம்

அறிவியல் தொடர்பான ஒரு பொருள் ஆட்சியின் முடிவுக்கு வரும்போது, அதுபற்றிய சான்றுகளைத் தொகுத்து, அவற்றின் வலிமையை எடைபோட்டு, முடிவெடுப்போர் முன்னுள்ள வழிகளை வகுத்துக் காட்டுபவர் அறிவியல் கொள்கைப் பகுப்பாய்வாளர். இப்பணியைச் சட்டமியற்றும் அவைக்கென்றே நிறுவனமாக்கிய முன்னோடி, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம். 1972-இல் சட்டத்தால் உருவான இவ்வலுவலகம் 1995-இல் நிதி மறுக்கப்பட்டு மூடப்பட்டது. அதன் தோற்றம், பணிமுறை, மூன்று ஆய்வுகள், முடிவு ஆகியவற்றை ஆராயும் இக்கட்டுரை, அதற்கு நம்பகத்தன்மையைத் தேடித்தந்த நடுநிலை நெறிகளே நெருக்கடி வேளையில் அதனைத் துணையின்றி நிறுத்தின என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச் சொற்கள்: அறிவியல் கொள்கை, தொழில்நுட்ப மதிப்பீடு, நாடாளுமன்றம், நடுநிலை, கொள்கைத் தெரிவுகள்.

முன்னுரை

ஆட்சித்துறைக்கு வல்லுநர்கள் உண்டு. அமைச்சகங்களும் ஆய்வுக்கூடங்களும் அதன் கைவசம் உள்ளன. அத்துறையின் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கவும் அவற்றைக் கண்காணிக்கவும் கடமைப்பட்ட சட்டமன்ற உறுப்பினர்களோ பெரும்பாலும் வழக்கறிஞர்களாகவும் வணிகர்களாகவும் இருப்பவர்கள். திட்டத்தை முன்மொழிபவரிடமே அதன் குறைகளையும் கேட்டறிய வேண்டிய நிலையில் கண்காணிப்பு பொருளற்றதாகிவிடும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சிக்கல் அமெரிக்காவில் கூர்மையாக வெளிப்பட்டது.

1. தோற்றப் பின்னணி

1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கென அறிவியல் ஆலோசனைக் குழு ஒன்று அமைந்தது. நாடாளுமன்றத்துக்கு அத்தகைய துணை ஏதும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் அறிவியல், ஆய்வு, மேம்பாடு பற்றிய துணைக்குழுவுக்குத் தலைமை வகித்த கனெக்டிகட் உறுப்பினர் எமிலியோ டாடாரியோ இக்குறையை உணர்ந்து, 1967-இல் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கான முதல் மசோதாவைக் கொணர்ந்தார். புதிய தொழில்நுட்பம் ஒன்றின் நேரடிப் பயனோடு, அது சுற்றுச்சூழலிலும் சமூகத்திலும் விளைவிக்கும் தொலைநோக்கு விளைவுகளையும் முன்கூட்டியே ஆராய்தல் என்பதே 'தொழில்நுட்ப மதிப்பீடு' என்னும் தொடரின் பொருள்.

ஒலியின் விரைவை விஞ்சும் பயணியர் விமானத் திட்டம் இத்தேவையை அனைவர்க்கும் உணர்த்தியது. இயற்பியலாளர் ரிச்சர்டு கார்வின் தலைமையிலான வல்லுநர் குழு, நிக்சன் ஆட்சிக்கு அளித்த அறிக்கையில் அத்திட்டத்தைக் கைவிடுமாறு கூறியது. ஆட்சி அவ்வறிக்கையை வெளியிடாமல், நிதி மட்டும் கோரிவந்தது. கார்வின் தம் கருத்தை நாடாளுமன்றக் குழுக்களின் முன் தாமே எடுத்துரைத்தார். 1971 மார்ச்சில் நாடாளுமன்றம் அத்திட்டத்துக்கான நிதியை நிறுத்தியது. அறிக்கையின் முழு வடிவம் நீதிமன்ற வழக்கிற்குப் பின்னரே பொதுமக்களுக்குக் கிடைத்தது. ஒரு வல்லுநரின் துணிவை நம்பி அவை இயங்க இயலாது என்பது இந்நிகழ்வு தந்த படிப்பினை.

தொழில்நுட்ப மதிப்பீட்டுச் சட்டத்தில் நிக்சன் 1972 அக்டோபர் 13 அன்று கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டிலேயே தம் அறிவியல் ஆலோசனைக் குழுவை அவர் கலைத்தார். நாடாளுமன்றத்தின் அலுவலகம் 1974 தொடக்கத்தில் செயற்படத் தொடங்கியபோது, அவையைவிட்டு விலகியிருந்த டாடாரியோவே அதன் முதல் இயக்குநரானார்.

2. அமைப்பும் பணிமுறையும்

அலுவலகத்தை ஆள 12 உறுப்பினர் கொண்ட வாரியம் அமைந்தது: செனட் அவையிலிருந்து அறுவர், பிரதிநிதிகள் சபையிலிருந்து அறுவர், ஒவ்வொரு அவையிலும் இரு கட்சியினர்க்கும் சம இடம். எந்தக் கட்சி பெரும்பான்மை பெற்றாலும் இச்சமநிலை மாறாது. ஆய்வு வேண்டுகோள்கள் முதன்மையாக நாடாளுமன்றக் குழுக்களிடமிருந்து வந்தன.

தொடக்க ஆண்டுகளில், வாரியத்தின் முதல் தலைவரான செனட்டர் எட்வர்டு கென்னடியின் கைக்கருவி இது என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. 1979 முதல் 1993 வரை இயக்குநராக இருந்த இயற்பியலாளர் ஜான் கிப்பன்ஸ் காலத்தில் அலுவலகம் உறுதியான பணிமுறையைப் பெற்றது. ஒவ்வோர் ஆய்வுக்கும் இயற்பியலாளர், பொறியியலாளர், பொருளியலாளர், சட்ட அறிஞர் முதலியோரைக் கொண்ட சிறு குழு பொறுப்பேற்றது. தொழில்துறை, பல்கலைக்கழகம், பொதுநல அமைப்புகள் ஆகியவற்றிலிருந்து, ஒருவரோடொருவர் முரண்படும் கருத்துடையோரைத் தேர்ந்து ஓர் ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. அவர்களிடையே ஒத்த கருத்து உருவாக வேண்டும் என்னும் கட்டாயமில்லை. வேறுபாடு எங்குள்ளது, அது சான்றுகளைப் பற்றியதா விழுமியங்களைப் பற்றியதா என்பதை வெளிக்கொணர்வதே நோக்கம். வரைவுகள் வெளி வல்லுநர் பலரின் திருத்தத்துக்கு உட்பட்டன. ஓர் ஆய்வு நிறைவுற ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஆவது இயல்பு.

இந்நெறிகளுள் தலையாயது பரிந்துரை செய்யாமை. 'இதனைச் செய்க' என்று அறிக்கை கூறாது. அவை மேற்கொள்ளக்கூடிய தெரிவுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் பயனையும் விலையையும் காட்டி நின்றுவிடும். முடிவு மக்கள் தேர்ந்தெடுத்தவர்க்கு உரியது, சான்றின் எடை பகுப்பாய்வாளர்க்கு உரியது என்னும் எல்லைக்கோடு இதில் புலனாகிறது.

3. மூன்று ஆய்வுகள்

3.1 அணுப்போரின் விளைவுகள் (1979): செனட் வெளியுறவுக் குழுவுக்காக இவ்வாய்வு மேற்கொள்ளப்பட்டது. டெட்ராய்ட், லெனின்கிராட் நகரங்களின் மீதான தாக்குதல் முதல் முழு அளவிலான போர் வரை பல நிலைகளை அறிக்கை கணித்தது. எனினும், கணக்கிட இயலாத விளைவுகள் கணக்கிடத்தக்கவற்றுக்குக் குறையாத முக்கியத்துவம் உடையவை என்பதை அது வலியுறுத்தியது. உயிரிழப்பை எண்ணிக்கையாகத் தரலாம். உணவு வழங்கல், மருத்துவம், ஆட்சியொழுங்கு ஆகியன சிதைந்தபின் தப்பியோர் வாழ்வு எவ்வாறு அமையும் என்பதை எண்ணில் அடக்க இயலாது. இதனை உணர்த்த, போருக்குப் பிந்தைய சார்லட்ஸ்வில் நகரின் வாழ்வைச் சித்திரிக்கும் புனைவு ஒன்றையும் அறிக்கை பின்னிணைப்பாகச் சேர்த்துக்கொண்டது. அறியப்படாததை அறியப்பட்டதுபோல் எண்களால் மூடிவிடாமை பகுப்பாய்வாளரின் கடமை என்பதற்கு இவ்வறிக்கை சான்று.

3.2 பொய் கண்டறியும் கருவி (1983): அரசின் இரகசியங்கள் கசிவதைத் தடுக்க, பணியாளரிடையே இக்கருவியின் பயன்பாட்டை விரிவாக்க ரீகன் ஆட்சி 1983-இல் முனைந்தது. 'இக்கருவி நம்பத்தக்கதா' என்பது அவையில் எழுந்த வினா. அவ்வினாவை அலுவலகம் அப்படியே ஏற்கவில்லை. குறிப்பிட்ட குற்றம் ஒன்றைப் பற்றிய விசாரணையில் பயன்படுத்துவது வேறு. குற்றம் ஏதும் நிகழாதபோது பலரையும் சலித்தெடுக்கப் பயன்படுத்துவது வேறு எனப் பிரித்தது. முன்னதற்குச் சிறிதளவு சான்று உண்டு, பின்னதற்கு அறிவியல் அடிப்படை மிகக் குறைவு என்பது அதன் முடிவு. தனியார் நிறுவனங்கள் வேலைக்கு ஆள்சேர்க்கும்போது இக்கருவியைப் பயன்படுத்துவதைப் பெரும்பாலும் தடைசெய்யும் சட்டம் 1988-இல் நிறைவேறியது. அதற்கான விவாதத்தில் இவ்வாய்வு முக்கியச் சான்றாக விளங்கியது. ஆய்வுக்குக் காரணமாயிருந்த அரசுத்துறையோ அத்தடையிலிருந்து விலக்குப் பெற்றது. சான்று அவையை வழிநடத்தலாம், அதன் கையைப் பிடித்திழுக்க இயலாது என்பதை இது காட்டுகிறது.

3.3 விண்வெளி ஏவுகணைத் தடுப்பு (1984–1988): அணு ஏவுகணைகளை வலுவிழக்கச் செய்யும் கவசம் ஒன்றை உருவாக்குமாறு ரீகன் 1983 மார்ச் 23 அன்று அழைப்பு விடுத்தார். அடுத்த ஆண்டில் இயற்பியலாளர் ஆஷ்டன் கார்ட்டர் அலுவலகத்துக்காக எழுதிய பின்புல அறிக்கை, முழுமையான அல்லது ஏறத்தாழ முழுமையான காப்பு கிட்டும் வாய்ப்பு மிகத் தொலைவானது, அதனை நாட்டின் கொள்கைக்கு அடிப்படையாக்கலாகாது என முடித்தது. பாதுகாப்புத் துறை அவ்வறிக்கையைத் திரும்பப் பெறுமாறு வற்புறுத்தியது. அலுவலகம் அதனை வெளி வல்லுநரின் மறுபார்வைக்கு அனுப்பியபின் திரும்பப்பெற மறுத்தது. 1988-இல் வெளிவந்த விரிவான அறிக்கை மென்பொருளின்மீது கவனம் செலுத்தியது: உண்மையான போர்ச்சூழலில் ஒருமுறையும் சோதிக்கப்படாத மென்பொருள், முதற்பயன்பாட்டிலேயே பெருந்தோல்வியுறும் வாய்ப்பு குறிப்பிடத்தக்க அளவில் உண்டு என்று அது எச்சரித்தது. அக்கார்ட்டரே பின்னாளில், 2015-இல், அமெரிக்கப் பாதுகாப்புச் செயலரானார்.

4. மூடல்

1994 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி இரு அவைகளிலும் பெரும்பான்மை பெற்றது. அரசின் செலவைக் குறைப்பதாக வாக்களித்திருந்த புதிய பெரும்பான்மை, தன் இல்லத்திலிருந்தே தொடங்குவதாகக் காட்ட விரும்பியது. அலுவலகத்தின் ஆண்டுச் செலவு அப்போது சுமார் 2.2 கோடி டாலர். நிரந்தரப் பணியிடங்கள் 143. சட்டமியற்றும் துறையின் மொத்தச் செலவில் இது ஒரு விழுக்காட்டை ஒட்டிய தொகையே.

வாரிய உறுப்பினரும் குடியரசுக் கட்சியினருமான நியூயார்க்கின் ஏமோ ஹௌட்டன் அதனைக் காக்கப் போராடினார். பணிகளை நாடாளுமன்ற நூலகத்தின்கீழ்த் தொடரச்செய்யும் அவரது திருத்தம் 1995 கோடையில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. ஆயினும் இரு அவைகளின் இறுதி உடன்பாட்டில் அது இடம்பெறவில்லை. 1995 செப்டம்பர் 29 அன்று அலுவலகம் தன் கதவுகளை மூடியது. அதுவரை ஏறத்தாழ 750 அறிக்கைகளை அது வெளியிட்டிருந்தது. அதனை நிறுவிய சட்டம் நீக்கப்படவில்லை. நிதி மட்டுமே மறுக்கப்பட்டது.

5. காரணங்கள்: ஒரு மதிப்பீடு

ஏவுகணைத் தடுப்பு அறிக்கைகளால் விளைந்த பகையே மூடலுக்குக் காரணம் எனக் கூறுவதுண்டு. அப்பகை உண்மையே, ஆயினும் அறிக்கைகளுக்கும் மூடலுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்திருந்தன. மேலும், முன்னின்று காத்தவருள் குடியரசுக் கட்சியினரும் இருந்தனர். சிக்கனம் என்னும் காரணமும் தொகையின் சிறுமையை நோக்கத் தனித்து நிற்காது.

ஆழமான காரணத்தை அமைப்பிலேயே காணலாம். முதலாவது, காலம். இரண்டு ஆண்டுத் தேர்தல் சுழற்சியில் வாழும் பிரதிநிதிக்கு இரண்டு ஆண்டு ஆய்வு, விவாதம் முடிந்தபின் வந்துசேரக்கூடும். இரண்டாவது, பயனாளர் வட்டம். நாடாளுமன்ற ஆய்வுச் சேவை எந்த உறுப்பினர் கேட்பினும் விடையளிக்கும்; எனவே 535 உறுப்பினரும் அதன் பயனை நேரில் அறிவர். மதிப்பீட்டு அலுவலகமோ வாரியத்துக்கும் குழுத் தலைவர்களுக்கும் அணுக்கமாக இருந்தது. புதிதாக வந்த உறுப்பினர்க்கு அது வெறும் பெயர். மூன்றாவது, பரிந்துரை செய்யாமை. ஒரு தரப்பின் வெற்றிக்கு உதவாத அறிக்கையை இரு தரப்பும் மதித்தன. ஆனால் இதனை இழந்தால் தமக்குக் கேடு என எத்தரப்பும் கருதவில்லை.

முடிவுரை

அலுவலகத்தின் முன்மாதிரி பிற நாடுகளில் வேரூன்றியது. பிரான்சு 1983-இலும், நெதர்லாந்து 1986-இலும், பிரிட்டன் 1989-இலும், ஜெர்மனி 1990-இலும் தத்தம் நாடாளுமன்றங்களுக்கான மதிப்பீட்டு அமைப்புகளை நிறுவின. அமெரிக்காவில் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2002 முதல் சில மதிப்பீடுகளைச் செய்யத் தொடங்கி, 2019-இல் இதற்கெனத் தனிப்பிரிவை அமைத்தது. மூடப்பட்ட அலுவலகத்தின் அறிக்கைகள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

அறிவியல் கொள்கைப் பகுப்பாய்வாளரின் பணி இருமுனைப் பொறுப்புடையது. சான்றுக்கு உண்மையாக இருத்தல் ஒன்று. அச்சான்று தேவைப்படுவோர்க்கு உரிய வேளையில், உரிய வடிவில் சென்றடையச் செய்தல் மற்றொன்று. முதற்பொறுப்பில் மதிப்பீட்டு அலுவலகம் பெருமளவு வென்றது, இரண்டாவதில் தளர்ந்தது. அறிவுத்துணையை நிறுவும் எந்த அவையும், அதன் நடுநிலையைக் காப்பதோடு, தன் உறுப்பினர் அனைவரும் அதனைத் தமதாகக் கருதும் வழியையும் வகுத்தல் இன்றியமையாதது என்பதே இவ்வரலாற்றால் பெறப்படும் கருத்தாகும்.