உரிமச் சீட்டும் ஊர்ப் பயணமும்: பாலிங் வட்டாரக் கங்காணிகள்

மலாயாவின் அரசியல் வரலாற்றில் பாலிங் என்ற பெயர் 1955 டிசம்பர் 28, 29 ஆகிய இரு நாள்களோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. துங்கு அப்துல் ரஹ்மானும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங்கும் அவ்வூர்ப் பள்ளிக்கூடத்தில் அமர்ந்து பேசி, உடன்பாடு காணாமல் பிரிந்த நாள்கள் அவை. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே அதே வட்டாரத்துக் கித்தா (ரப்பர்) தோட்டங்களிலிருந்து வேறொரு வகைத் தூதர்கள் கடல் கடந்து போய்வந்துகொண்டிருந்தார்கள். தோட்ட நிருவாகம் ஆள் சேர்ப்பதற்காக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் அனுப்பிவைத்த கங்காணிகளே அவர்கள். கங்காணியின் அதிகாரம் லயத்திலும் (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) பெரட்டுக் களத்திலும் (காலையில் ஆள்களைப் பேர் கூப்பிடும் இடம்) பிறந்தது என்றே பலரும் எழுதியிருக்கின்றனர். அதன் வேர் இந்தப் பயணத்தில் இருந்தது என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

சயாமின் மேலாண்மையில் இருந்த கெடா 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் ஆங்கிலேயர் பாதுகாப்பின்கீழ் வந்தது. கித்தா விலை உச்சத்தைத் தொட்ட காலமும் அதுவே. சுங்கை பட்டாணி, கூலிம் பகுதிகளில் பரவிய தோட்டங்கள் கெட்டில் ஆற்றை ஒட்டிக் கோலா கெட்டில், பத்து பெக்காக்கா வழியே பாலிங் பக்கமும் நீண்டன. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கட்டுண்டு உழைக்கும் ஒப்பந்தக் கூலிமுறை இந்தியத் தொழிலாளர்களுக்கு 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டதால், அப்போதுதான் காடு வெட்டத் தொடங்கியிருந்த தோட்டங்கள் தம் ஆள்பலத்துக்குப் பெரும்பாலும் கங்காணிகளையே நம்ப வேண்டியிருந்தது.

கங்காணி என்பவர் தொழிலாளர்களிலிருந்தே எழுந்த மேற்பார்வையாளர். தம் குழுவில் வேலைக்கு வந்தோர் எண்ணிக்கைக்கு ஏற்ப நாள்தோறும் தலைக்குச் சில காசு அவருக்குத் தனி வருவாய். தோட்டத்துரை அவர் பெயரில் ஓர் உரிமம் கோருவார். தொழிலாளர் இலாகா அதைப் பதிந்து வழங்கும். பயணச் செலவு தோட்டத்தினுடையது. பாலிங்குக்கு இரயில் இல்லாததால் சாலை வழியாகச் சுங்கை பட்டாணியை அடைந்து, அங்கிருந்து இரயிலில் பிறை சென்று, படகில் பினாங்குத் தீவுக்குக் கடந்து, பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் கப்பலில் ஏறினால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் நாகப்பட்டினம் வரும். கடாரத்து அரசன் பெயரால் 11ஆம் நூற்றாண்டில் சூடாமணி விகாரம் எழுந்த துறைமுகம் அது. அந்தப் பெருமையைச் சலிக்காமல் பேசும் நூல்கள், அதே கடல்வழியில் கப்பலின் மேல்தளத்தில் படுத்துச் சென்றவர்களுக்கு ஒதுக்கிய பக்கங்கள் மிகக் குறைவு.

இரயில் பட்டறைகள் 1920களின் பிற்பகுதியில் பொன்மலைக்குப் பெயரும்வரை நாகப்பட்டினம் தென்னிந்திய இரயில்வேயின் முக்கிய ஊர்களுள் ஒன்றாக இருந்தது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருவோர் இரயிலிலேயே துறைமுகத்தை எட்ட முடிந்தது. ஊருக்கு வெளியே பாப்பாக்கோவிலில் மலாயா செல்வோருக்கான டிப்போ, அதாவது கப்பல் புறப்படும்வரை அவர்களைத் தங்கவைத்துச் சோதிக்கும் முகாம், இருந்தது. சென்னைக்கு அருகே ஆவடியில் இன்னொன்று. இவற்றுக்கான செலவை 1907இல் ஏற்படுத்தப்பட்ட குடியேற்ற நிதி ஏற்றது. தோட்ட முதலாளிகள் தாங்கள் அமர்த்திய ஆள் கணக்குக்கு ஏற்ப அதில் கட்டாயமாகப் பணம் செலுத்தினர். கப்பல் கட்டணம் நிதியிலிருந்து கொடுக்கப்பட்டதால், தொழிலாளி கடனில்லாமல் கரையிறங்குவதாகச் சட்டம் கருதியது.

இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் 1922இல் வந்தபின், கங்காணி தம் சீட்டை முதலில் மலாயா அரசின் குடிபெயர்வு ஆணையர் அலுவலகத்தில் காட்டவும், சேர்த்த ஆள்களைக் கிராம முன்சீப்பிடம் நிறுத்தித் தடையில்லை என்று குறிப்பு வாங்கவும் வேண்டியிருந்தது. இந்த ஏற்பாடு கங்காணியை ஒரு சம்பளக்காரராக மட்டும் பார்த்தது. ஊர்மக்களோ அவரை மாமனாகவும் பங்காளியாகவும் பார்த்தார்கள். அவருடைய வேட்டியையும் கைக்கடிகாரத்தையும் பார்த்து, அவர் சொல்லை நம்பிப் புறப்பட்டார்கள். தங்கள் பண்ணையாள் கைவிட்டுப் போவதை மிராசுதார்கள் விரும்பாத தஞ்சை வட்டாரத்தில், பழைய கடனை அடைத்து ஆளை விடுவிப்பதும் கங்காணியின் வேலையாயிற்று. அடைத்த தொகை தோட்டத்தில் வாய்க்கணக்காகத் தொடர்ந்த இடங்களில், கடனில்லாத இறங்குதல் காகித அளவில்தான் நின்றது.

ஒரே தோட்டம் ஒரே பருவத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கங்காணிகளை அனுப்புவதுண்டு. கப்பலில் ஒரே பாயில் சீட்டாடிச் சென்ற கூட்டாளிகளும் கரையிறங்கியதும் வெவ்வேறு திசையில் பிரிந்தாக வேண்டும். ஒவ்வொருவரும் தம் உறவையும் சாதியையும் சுற்றியே ஆள் தேடினர், கமிஷனோ சேர்த்த தலைக்கணக்கில் வந்தது. திரும்பும் கப்பலில் அவர்கள் தனித்தனிக் குழுத் தலைவர்களாக வந்தனர். பினாங்கை அடைந்து ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் காத்திருந்து, தோட்டம் சேர்ந்தபோது அந்தப் பிரிவினை லயங்களிலும் தொடர்ந்தது. ஓர் ஊர்க்காரர் ஒரு கங்காணியின் கீழ், இன்னோர் ஊர்க்காரர் மற்றவரின் கீழ் என்று வேலைக்குழுக்கள் அமைந்ததற்கு இந்த வெவ்வேறு பயணப் பாதைகளும் ஒரு காரணம்.

1930இல் கித்தா விலை சரிந்தபோது ஆள் சேர்ப்பு நின்றது. பல்லாயிரம் பேர் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டனர். 1934இல் குடிபெயர்வு மீண்டும் தொடங்கியபோது தாமாகவே டிப்போவுக்கு வந்து சேர்ந்தோரே பெரும்பான்மை. ஊர் தேடிச் செல்லும் கங்காணியின் தேவை குறைந்துவிட்டது. 1938 ஜூனில் இந்திய அரசு உதவி பெற்ற குடிபெயர்வை முற்றிலும் தடைசெய்தது. அதன்பின் கங்காணியிடம் எஞ்சியது பெரட்டில் பேர் கூப்பிடும் பொறுப்பு மட்டுமே; ஊரிலிருந்து புதிய ஆளைக் கொண்டுவந்து தம் குழுவைப் பெருக்க அவரால் இயலவில்லை. போருக்குப் பின் கெடாவில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடைகளை மறித்து 1947இல் போலீசோடு மோதியபோது, இளைஞர்கள் திரண்டது அப்படையின் தலைவர் ஏ. எம். சாமியின் பின்னால், கங்காணிகளின் பின்னால் அல்ல.