செவிலியர் படிப்பும் நம் பெண்பிள்ளைகளும்: வரலாறு சொல்லும் விடை

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், நாகூரில் நம்மிடம் மாலை மதரஸாவில் ஓதிய மாணவி ஒருத்தி தன் உம்மாவுடன் வந்திருந்தாள். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பிரிவை எடுத்து, பின்னர் செவிலியர் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். சிங்கப்பூரில் இருக்கும் வாப்பாவோ, வணிகவியல் போதும் என்கிறார். "ஹஜ்ரத், நம்ம பிள்ளைங்க நர்ஸ் வேலைக்குப் போகலாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் உம்மா. அவர் குரலில் கேள்வியைவிட அச்சமே மிகுந்திருந்தது. இரவுப் பணி, அந்நிய ஆண்களைத் தொட நேரும் நிலை, நாளை பெண் கேட்டு வருவோர் பேசக்கூடிய பேச்சு ஆகிய மூன்றும் அவரை வாட்டின.

நாம் உடனே விடை கூறவில்லை. மறுவாரம் வருமாறு சொல்லி அனுப்பினோம். அந்த ஒரு வாரத்தில் நூல்களைப் புரட்டியபோது கண்டவற்றையே இங்கே பகிர்கிறோம்.

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டு (கி.பி. 628) நபி (ஸல்) அவர்கள் கைபருக்குப் புறப்பட்டபோது, கிஃபார் குலத்துப் பெண்கள் சிலர் அவர்களிடம் வந்தார்கள். காயம்பட்டோருக்கு மருந்திடவும் இயன்ற உதவிகளைச் செய்யவும் உடன்வர அனுமதி கேட்டார்கள். நபியவர்கள் பரக்கத்தை வேண்டி அனுமதி வழங்கினார்கள். அக்குழுவில் ஒரு சிறுமியும் இருந்தார். இப்னு சஅது (ரஹ்) அவர் பெயரை உமைய்யா பின்த் கைஸ் என்று குறிப்பிடுகிறார். அந்தப் பயணத்தில்தான் அவர் பருவமெய்தினார் என்றும், அவர் வெட்கிக் குறுகியபோது நபியவர்கள் கனிவுடன் வழிகாட்டினார்கள் என்றும் சீரா நூல்கள் கூறுகின்றன. கைபர் வெற்றிக்குப் பின் நபியவர்கள் தம் கையாலேயே ஒரு மாலையை அவர் கழுத்தில் அணிவித்தார்கள். அதை அவர் இறுதிவரை கழற்றவில்லை. தம்முடன் கப்ரில் வைக்கும்படி வஸிய்யத்தும் செய்தார். நம் மாணவியின் வயதுதான், அல்லது அதைவிடக் குறைவாகவே, அன்று அவருக்கு இருந்திருக்கும்.

அதற்கு ஈராண்டுகளுக்கு முன், அகழ்ப்போரில் சஅது இப்னு முஆத் (ரலி) அவர்கள் கையில் அம்பு தைத்துக் காயமுற்றார்கள். அவர்களை ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் பொறுப்பில் நபியவர்கள் ஒப்படைத்தார்கள். ருஃபைதாவின் சிகிச்சைக் கூடாரம் மஸ்ஜிதுந் நபவீயிலேயே இருந்தது. கவனிப்பார் எவருமற்ற காயமுற்றோருக்குப் பணிவிடை செய்வதைத் தம் கடமையாகவே அவர் மேற்கொண்டிருந்தார். காலையும் மாலையும் நபியவர்கள் அங்கு சென்று நோயாளியை நலம் விசாரிப்பார்கள். உம்மு அதிய்யா (ரலி) ஏழு போர்களில் நோயாளிகளைக் கவனித்ததும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது.

அந்நிய ஆண்களைத் தொடுவது குறித்து இந்த உம்மா கேட்டது புதிய கேள்வியன்று. ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்கும் மருத்துவம் செய்யலாமா என்பதையே இமாம் புகாரி (ரஹ்) தம் ஸஹீஹின் மருத்துவப் பகுதியில் ஒரு பாடத் தலைப்பாக வைத்தார்கள். அதன் கீழ், காயமுற்றோருக்குப் பெண்கள் பணிவிடை செய்ததை ருபைய்யிஉ (ரலி) அறிவிக்கும் ஹதீஸை இடம்பெறச் செய்தார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், மதரஸாக்களில் ஓதப்படும் மின்ஹாஜில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், சிகிச்சைக்காகப் பார்ப்பதையும் தொடுவதையும் ஆகுமானவை என்கிறார்கள். அதற்கு ஃபுகஹாக்கள் விதித்த நிபந்தனைகளும் உண்டு: தேவையின் அளவைத் தாண்டக் கூடாது, தனித்திருத்தல் கூடாது, பெண்ணுக்குச் சிகிச்சையளிக்கத் தகுதியுள்ள பெண் இருந்தால் அவரே முற்பட வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனை நம்மிடம் எதைக் கோருகிறது என்பதைத் தமிழ் மண்ணில் நடந்த ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. 1890-களில் அமெரிக்க மதப்பணியாளர் ஒருவரின் மகளான ஐடா ஸ்கடர், உடல்நலம் குன்றிய தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். ஓரிரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களில் ஒருவர் முஸ்லிம்; மற்ற இருவரும் இந்துக்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். ஐடாவின் தந்தை மருத்துவர்தான். ஆயினும் ஆண் ஒருவர் வருவதை மூவரும் ஏற்கவில்லை. ஐடாவுக்கோ அன்று மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அந்த இரவுதான் தம்மை மருத்துவத்தின் பக்கம் திருப்பியது என்று ஐடா பிற்காலத்தில் சொல்லிவந்தார். படித்துத் திரும்பிய அவர், வேலூரில் 1909-இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும் 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். அங்கே 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பும் தொடங்கியது.

அந்த முஸ்லிம் கணவர் பர்தாவைப் பேணினார். அதைக் குறைகூற நாம் வரவில்லை. ஆனால் அவர் மனைவியைத் தொட்டுக் காப்பாற்றக்கூடிய ஒரு பெண்ணை அன்றைய சமுதாயம் உருவாக்கியிருக்கவில்லை. நம் பெண்களுக்குப் பெண்ணே மருத்துவம் செய்ய வேண்டும் என்கிறோம்; நம் வீட்டுப் பெண் அதைப் படிக்கக் கூடாது என்றும் சொல்கிறோம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா? மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா. போதுமானோர் செய்தால் பிறர் மீதுள்ள பொறுப்பு நீங்கும். எவருமே செய்யாவிட்டால் அனைவரும் குற்றவாளிகள்.

நாகூர்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நோயுற்றோர் சாதி மதம் பாராமல் நாடி வருகின்ற ஊர் இது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. இறந்தோரை அடக்கம் செய்ய தர்கா நிலம் இடம் கொடுத்தது. பிழைத்தோரின் புண்ணைக் கழுவித் துணி கட்டக் கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகளில் நம் பெண்களின் கைகள் எத்தனை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று பக்கத்து ஒரத்தூரிலேயே 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செவிலியர் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். பட்டயப் படிப்பு மூன்று ஆண்டுகள். பட்டப்படிப்பில் சேர, மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். எனவே, பதினைந்து வயதில் எடுக்கும் பாடப்பிரிவிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது. அதே வேளையில் இந்தப் பணி எளிதன்று. இரவு விழிப்பு, மலமும் இரத்தமும், சிறிய தனியார் மருத்துவமனைகளில் குறைந்த ஊதியம் எல்லாம் உண்டு. பிள்ளையின் மனம் ஒப்பாவிட்டால் வற்புறுத்தக் கூடாது. ஹிஜாபுக்கு இடமுண்டா, விடுதி பாதுகாப்பானதா என்பவற்றைச் சேரும் முன்பே நேரில் சென்று கேட்டறிய வேண்டும். சொந்தபந்தத்தில் செவிலியர் இருந்தால், அவரிடம் பிள்ளையை ஒருநாள் பேசவிட வேண்டும். பின்னர் இஸ்திகாரா தொழுது முடிவெடுக்கட்டும்.

மறுவாரம் அவர்கள் வந்தபோது, கைபரின் அந்த மாலையைப் பற்றிச் சொன்னோம். கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்த வாப்பா நெடுநேரம் மௌனமாக இருந்தார். "நைட் டூட்டிதான் ஹஜ்ரத் யோசனையா இருக்கு" என்றார் கடைசியில். அது நியாயமான கவலை என்றே நாமும் சொன்னோம். உயிரியல் பிரிவில் சேரட்டும், மற்றதை இரண்டு ஆண்டுகள் கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. வாசல் மூடப்படவில்லை, அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது.

நம் பெண்மக்களைப் பயனுள்ள கல்வி பெற்றோராகவும், நோயுற்றோரின் துஆவுக்கு உரியோராகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.