எலும்பில் பால் அறிதல்: அளவுகோல் எந்த ஊருடையது?

முன்னுரை

சின்ன காஞ்சிபுரம் போன்ற பழைய ஊரில் கடைக்கால் தோண்டும்போது எலும்பு தட்டுப்பட்டால், செய்தி முதலில் காவல் நிலையத்துக்குப் போகும். எலும்புகள் சட்ட மருத்துவரிடம் வந்து சேரும். மனித எலும்பா, ஆணா பெண்ணா, வயது என்ன, இறந்து எவ்வளவு காலம் என்பவை அவர்முன் வைக்கப்படும் கேள்விகள். இரண்டாவது கேள்விக்கான விடை பிசகினால், காணாமல்போனோர் பட்டியலில் தேடவேண்டிய பாதிப் பேரை விட்டுவிட்டு மற்ற பாதியில் தேடிக்கொண்டிருப்போம். இவ்விடையைத் தரும் முறைகள் எவருடைய எலும்புகளைக்கொண்டு உருவாயின, அவை இங்கே எவ்வாறு திருத்தப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிளீவ்லாந்தின் அளவுகள்

பருவமடையும் வரை ஆண், பெண் எலும்புகளில் நம்பத்தக்க வேறுபாடு குறைவு. அதன்பின் மகப்பேற்றுக்கு ஏற்பப் பெண்ணின் இடுப்புக்கூடு அகலும். முன்புறம் இரு எலும்புகளும் கூடுமிடத்தின் கீழ்க்கோணம் விரியும். ஆணில் அது குறுகியே நிற்கும். அமெரிக்க மானிடவியலாளர் கிராக்மன், கிளீவ்லாந்தின் டாட் தொகுப்பைச் சேர்ந்த 750 எலும்புக்கூடுகளைச் சோதித்தார். முழு எலும்புக்கூடு கிடைத்தால் 100, இடுப்பெலும்பு மட்டும் என்றால் 95, மண்டையோடு மட்டும் என்றால் 92, நீள எலும்புகள் மட்டும் என்றால் 80 விழுக்காடு சரியாகக் கணிக்கலாம் என்றார். 1962-இல் வெளிவந்த அவரது நூல் உலகெங்கும் பாடமாயிற்று. 1969-இல் ஃபெனிஸ், இடுப்பின் முன்னெலும்பில் மூன்று அடையாளங்களைச் சுட்டி 96 விழுக்காடு வெற்றி கண்டார். இரண்டு ஆய்வுகளுக்கும் அடிப்படை அமெரிக்கர்களின் எலும்புகள்.

இந்தியத் திருத்தம்

இந்திய எலும்புகளுக்கு அன்று பஞ்சமிருக்கவில்லை. 1985-இல் ஏற்றுமதி தடைசெய்யப்படும்வரை உலகின் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றுக்கு எலும்புக்கூடுகள் கல்கத்தாவிலிருந்தே போயின. ஆனால் இன்னாருடையது, இன்ன வயது என்ற பதிவு அவற்றோடு போகவில்லை. பதிவில்லாத எலும்பால் அளவுகோல் செய்ய முடியாது.

இக்குறையை எதிர்கொண்டவர்களில் ஜித், சிங் இருவரும் குறிப்பிடத்தக்கவர்கள். 1966-இல் அமிர்தசரஸ் பகுதிக் காறையெலும்புகளை அளந்தபோது, ஆண் அளவுகளும் பெண் அளவுகளும் நடுவில் பெரிதும் கலந்து கிடந்தன. எனவே ஆண்களின் சராசரியிலிருந்து மூன்று திட்டவிலக்கம் கழித்து ஓர் எல்லையும், பெண்களின் சராசரியோடு மூன்று திட்டவிலக்கம் கூட்டி ஓர் எல்லையும் வகுத்தனர். முதல் எல்லைக்குக் கீழே இருப்பது பெண். இரண்டாம் எல்லைக்கு மேலே இருப்பது ஆண். நடுவில் விழுவதைப் பற்றி அந்த அளவைக்கொண்டு எதுவும் சொல்லக் கூடாது. தீர்ப்புக் கிடைக்கும் எலும்புகள் குறைந்தன. கிடைத்த தீர்ப்பின் உறுதி கூடியது. 1968-இல் வாரணாசி எலும்புகளில் சோதித்த சிங், கங்ராடே ஆகியோர், வட்டாரத்துக்கு வட்டாரம் எல்லைகளைத் தனியே கணக்கிட வேண்டும் எனக் காட்டினர். பஞ்சாபின் எல்லை காசிக்கே பொருந்தாதபோது காஞ்சிக்குப் பொருந்தும் எனக் கொள்வதற்கில்லை.

உழைப்பும் எலும்பும்

1972-இல் வைஸ் என்பவர், தொல்லியல் எலும்புகளில் ஆண்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 12 விழுக்காடு மிகையாகக் கணிக்கப்படுவதாக எழுதினார். தசை பற்றும் இடங்கள் தடித்திருந்தால் ஆண் என முடிவுகட்டும் பழக்கம் இதற்கு ஒரு காரணம். அந்தத் தடிப்பில் உழைப்புக்கும் வயதுக்கும் பங்குண்டு. சின்ன காஞ்சிபுரத்துத் தறியில் கோர்வைக் கரை போட மூன்று நாடா வேண்டும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்து நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். பல்லாண்டுகள் இவ்வாறு தோளும் கையும் உழைத்த ஒரு பெண்ணின் மேற்கை எலும்பை மட்டும் பார்த்துப் பால் சொல்வது துணிச்சலான காரியம். இடுப்பெலும்பு இருந்தால் அதையே முதலில் நம்ப வேண்டும்.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சானூரில் 1950, 1952 ஆண்டுகளில் அகழப்பட்டவை போன்ற பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் எலும்புகள் பெரும்பாலும் துண்டுகளாகவே கிடைக்கின்றன. அங்கே இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவை.

மரபணுச் சோதனை

எலும்பின் ஐயத்தை மரபணு தீர்க்கும் என்ற நம்பிக்கை அடுத்து வந்தது. பல் எனாமல் புரதத்துக்கான அமெலோஜெனின் மரபணு எக்ஸ், ஒய் இரண்டு குரோமோசோம்களிலும் வெவ்வேறு நீளத்தில் உண்டு. எக்ஸ் வடிவம் மட்டும் தென்பட்டால் பெண் என்பது விதி. 1998-இல் வெளியான ஆய்வில், இலங்கை ஆண்கள் 24 பேரில் இருவருக்கு ஒய் வடிவம் இல்லை. 2002-இல் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜ் குழுவினர், இந்திய ஆண்கள் 270 பேரில் ஐவரிடம் அதே குறையைக் கண்டனர். அச்சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அந்த ஆண்கள் பெண்களாகவே பதிவாகியிருப்பார்கள். ஐரோப்பாவில் மிக அரிதான இப்பிழை தெற்காசியாவில் அப்படி அரிதன்று. அதனால் ஒய் குரோமோசோமின் வேறு பகுதிகளையும் சேர்த்துச் சோதிக்க வேண்டியதாயிற்று.

முடிவுரை

காறையெலும்பும் அமெலோஜெனினும் காட்டுவது ஒன்றே: வேற்று மக்களிடம் பிறந்த முறையை இங்குள்ளவர்களிடம் சோதிக்காமல் பயன்படுத்தலாகாது. எலும்புக்கூடுகளைத் திரட்டுவது இன்று கடினம். மருத்துவமனைகளில் எடுக்கப்படும் சிடி ஸ்கேன்களில் நோயாளியின் பாலும் வயதும் பதிவாகியிருக்கும். பெயர் நீக்கிய அப்படங்களிலிருந்து தமிழக மக்களுக்கான எல்லைகளை வகுக்க இயலும். அதுவரை நீதிமன்றத்துக்குப் போகும் அறிக்கையில் ஆண் அல்லது பெண் என்ற முடிவோடு, எந்த மக்களின் அளவுகோலால் அம்முடிவு எட்டப்பட்டது, அது எவ்வளவு உறுதியானது என்பவையும் இடம்பெற வேண்டும்.