ஆங்கிலப் பெயர்ச்சொற்களில் ஒருமையும் பன்மையும்

ஆங்கிலத்தில் ஒருமையைக் காட்டப் பெயர்ச்சொல்லுக்குத் தனி விகுதி இல்லை. பன்மைக்கு மட்டுமே உண்டு. அது 'எஸ்' என்னும் விகுதி. பள்ளி இலக்கண நூல்கள் இதைப் பல விதிகளாகக் கூறுபோடுகின்றன: சில எழுத்துகளில் முடிந்தால் 'எஸ்', சிலவற்றில் முடிந்தால் 'இஎஸ்', 'ஒய்' போய் 'ஐஇஎஸ்', 'எஃப்' போய் 'விஇஎஸ்', எதிலும் அடங்காதவை விதிவிலக்கு. தேர்வுக்கு மனப்பாடம் செய்ய இந்தப் பட்டியல் போதும். ஆனால் மொழி நடக்கும் விதத்தை அது மறைத்துவிடுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் உயிரோடிருக்கும் பன்மை விதி ஒன்றுதான். அது எழுத்தைப் பார்த்து அமைவதில்லை, ஒலியைப் பார்த்து அமைகிறது. மற்றவை பழைய விதிகளின் எச்சம், எழுத்துக்கூட்டல் வழக்கம், பிற மொழிகளிலிருந்து வாங்கிய கடன்.

தமிழர் அன்றாடம் புழங்கும் மூன்று சொற்களே இதற்குச் சான்று: புக், பேக், பஸ். புக்கின் இறுதி ஒலியில் குரல்வளை அதிர்வதில்லை. ஆகவே பன்மை விகுதியும் அதிர்வில்லாத 'ஸ்' ஆகிறது. பேக்கின் இறுதி ஒலி அதிர்வுடையது. விகுதியும் அதிர்ந்து, ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி எழுத்துக்குரிய ஒலியைப் பெறுகிறது. பஸ்ஸின் இறுதியில் ஏற்கெனவே 'ஸ்' இருப்பதால், இரண்டும் ஒட்டிக் கரைந்துவிடாதபடி நடுவே ஓர் உயிரொலி நுழைகிறது. முதல் இரண்டிலும் எழுதுவது ஒரே எழுத்து என்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குப் படுவதில்லை. இது வெறும் மனப்பாடம் அல்ல என்பதை அமெரிக்க உளமொழியியலாளர் ஜீன் பெர்கோ 1958இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பறவை போன்ற கற்பனை உயிரி ஒன்றின் படத்தைச் சிறு குழந்தைகளிடம் காட்டி, அதற்கு 'வக்' என்று பெயர் சொன்னார். பின் அதே உயிரி இரண்டாக இருக்கும் படத்தைக் காட்டி, இவற்றை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டார். முன்பு கேட்டிராத அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலான குழந்தைகள் சரியான ஒலியுடன் பன்மை சொன்னார்கள். பஸ் போல 'ஸ்' ஒலியில் முடியும் புதுச் சொற்களில்தான் பலர் தடுமாறி, சொல்லை அப்படியே விட்டார்கள். ஏற்கெனவே பன்மை போல ஒலிக்கும் சொல்லுக்கு இன்னொரு விகுதி எதற்கு என்ற தயக்கமாக இருக்கலாம்.

அப்படியானால் ஃபுட் ஃபீட் ஆவதும், மவுஸ் மைஸ் ஆவதும் எந்தக் கணக்கு? இவையும் ஒருகாலத்தில் ஒழுங்கானவையே. ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் இத்தகைய சொற்களின் பன்மை விகுதியில் இகரம் இருந்தது. அது பகுதியின் உயிரொலியைத் தன் பக்கம் இழுத்தது. பிறகு விகுதி தேய்ந்து மறைய, மாறிய உயிரொலி மட்டும் பன்மையின் அடையாளமாக நின்றுவிட்டது. பழைய ஆங்கிலத்தில் இதுபோல் பல பன்மை முறைகள் இருந்தன. சொல்லிறுதி ஒலிகள் தேய்ந்தபின் வடக்கே 'எஸ்' விகுதியும் தெற்கே 'என்' விகுதியும் போட்டியில் நின்றன. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான வில்லியம் காக்ஸ்டன் 1490இல் எழுதிய ஒரு முன்னுரையில், வணிகர் ஒருவர் தெற்கே கென்ட் பகுதியில் முட்டை கேட்ட கதையைச் சொல்கிறார். அவர் வடக்கத்திச் சொல்லால் கேட்க, வீட்டுக்காரம்மா தனக்குப் பிரெஞ்சு தெரியாது என்றாராம். குழப்பம் சொல்லைப் பற்றியதுதான். ஆனாலும் வணிகரின் சொல்லில் 'எஸ்' விகுதியும் அந்தப் பெண்ணுக்குப் புரிந்த சொல்லில் 'என்' விகுதியும் இருந்தன. முடிவில் வடக்கின் விகுதியே வென்றது. தோற்ற விகுதி ஆக்ஸன், சில்ட்ரன் போன்ற ஓரிரு சொற்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில்ட்ரனில் அது பழைய பன்மையின் மேல் ஏறிய இரண்டாம் பன்மை.

அடிக்கடி நாவில் புழங்கும் சொற்களே பழைய வடிவைக் காப்பாற்றும் என்பது மொழியியலில் வழக்கமாகத் தரப்படும் விளக்கம். ஃபுட், மவுஸ் போல உயிரொலி மாறிப் பன்மையாகும் ஏழு சொற்களும் மனிதர், உடல், வீடு, தொழுவம் சார்ந்தவை. பேனும் அதில் அடக்கம். ஆயினும் விளக்கம் முழுமையானதல்ல. ஆட்டைக் குறிக்கும் கோட் என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் இப்படியே உயிர் மாறிப் பன்மையானது. பட்டிதொட்டியெங்கும் வழங்கியும் அது 'எஸ்' பக்கம் சாய்ந்துவிட்டது. புழக்கம் காவல் தரும், உத்தரவாதம் தராது.

ஒலிதான் விதி என்றால் நைஃப் ஏன் நைவ்ஸ் ஆகிறது, ரூஃப் மட்டும் ஏன் மாறுவதில்லை என்ற மறுப்பு வலுவானது. பழைய ஆங்கிலத்தில் இரு உயிர்களுக்கு நடுவே வந்த 'எஃப்' அதிர்வு பெற்றது. அந்த விதி செத்து நெடுங்காலமாயிற்று, அதன் தடம் சில சொற்களில் நிற்கிறது. ரூஃப் போன்றவை புது விதிக்குள் வந்துவிட்டவை. லேடியின் 'ஒய்' மாறுவது இதைவிட எளிது: அது எழுத்து மாற்றம் மட்டுமே, உச்சரிப்பில் ஒன்றும் நடப்பதில்லை. லத்தீன், கிரேக்கப் பன்மைகள் ஆட்சியில் இருப்பதும் படிப்பாளிகளின் பிடிவாதத்தால்தான். பொதுமக்கள் கைக்கு வந்ததும் அவை உருமாறுகின்றன. அஜெண்டா லத்தீனில் பன்மை. ஆங்கிலத்தில் ஒருமையாகி 'எஸ்' ஏற்கிறது. ஆக்டோபஸ்ஸுக்கு 'ஆக்டோபை' என்று பன்மை சொல்வோர் லத்தீனைக் காப்பதாக எண்ணுகிறார்கள். அச்சொல்லோ கிரேக்க வழியது.

இந்த ஒற்றை விதி எட்டாத இடமும் உண்டு: எந்தப் பெயரை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்பது. ஃபர்னிச்சர், லக்கேஜ், இன்ஃபர்மேஷன் ஆகியவை நியம ஆங்கிலத்தில் பன்மை ஏற்பதில்லை. நாற்காலியை எண்ணலாம், ஃபர்னிச்சரை எண்ணக்கூடாது என்பதற்கு ஒலியில் காரணம் தேட முடியாது. இந்திய ஆங்கிலத்தில் இவற்றுக்கு 'எஸ்' சேர்ப்பது விதி தெரியாததால் அல்ல, விதியை நன்றாகத் தெரிந்ததால் வருவது. மனப்பாடத்துக்கு ஒதுக்கும் நேரத்தை ஆசிரியர்கள் 'ஒய்', 'எஃப்' பட்டியல்களைவிட இந்தச் சொற்களுக்குச் செலவிடுவதே பயன் தரும்.