இருண்ட மேடையும் எரிந்த மயானமும்: கொள்ளைநோய்க் காலத்துச் செட்டிநாட்டு நாடகம்

1

நம்முடைய நாடக வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். எந்த வருசம் எந்தக் கம்பெனி தொடங்கியது, வாத்தியார் யார், ராஜபார்ட் யார், எந்த ஜமீன்தார் தங்க மெடல் போட்டார் என்பதெல்லாம் இருக்கும். நாடகமே நடக்காத வருசத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது. நடக்காதது எப்படி வரலாறு ஆகும் என்று கேட்பார்கள். கூலிக்காரனுக்கு வேலை இல்லாத நாள்தான் பெரிய நாள். அந்த நாளை விட்டுவிட்டு அவன் வரலாற்றை எழுதினால் பட்டினியையும் கடனையும் அழித்துவிட்டு எழுதியதாகத்தான் அர்த்தம்.

2020, 2021 இரண்டு வருசமும் காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரத்தில் இசை நாடக சீசன் நொறுங்கிப்போனது. இதை இப்பவே எழுதி வைக்க வேண்டும். எழுதும்போது மேடையை மட்டும் எழுதினால் போதாது. அதே நாட்களில் மயானத்தில் யார் நின்றார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

2

வெளியூர் வாசகர்களுக்காக ஸ்பெஷல் நாடகம் என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்லணும். சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) எழுதிக் கொடுத்த பாடம்தான் இன்றைக்கும் அதற்கு அடிப்படை. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று ஊர் சனங்களுக்கு மனப்பாடமான கதைகள். சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். சின்னப் பையன்களை வைத்து நடத்திய கம்பெனி. அந்தக் காலத்து பாய்ஸ் கம்பெனிகளில் சம்பளம் சொற்பம், அடி உதை தாராளம். ஆனால் சோறும் படுக்க இடமும் கம்பெனி பொறுப்பு.

1931-இல் பேசும்படம் வந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் நாடகக் கொட்டகை இருந்த இடத்தில்தான் ஏ.வி. மெய்யப்பன் ஸ்டுடியோ போட்டு 'நாம் இருவர்' (1947) எடுத்தார். கொட்டகையை சினிமா எடுத்துக்கொண்டது. ஸ்பெஷல் நாடகம் மட்டும் கோயில் திருவிழாவைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்ந்தது.

இதில் கம்பெனியும் இல்லை, முதலாளியும் இல்லை. ஒத்திகை கிடையாது, டைரக்டர் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு ஆளுக்கொரு ஊர். காரைக்குடி, மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் உண்டு. விழாக் கமிட்டிக்காரர்கள் ஏஜெண்டைப் பிடித்து ஆட்களைப் பேசித் தேதி வாங்குவார்கள். ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் எல்லாரும் சந்திப்பார்கள். விடியும்போது பிரிந்துவிடுவார்கள். மழைக்காலத்தில் வாங்கிய கடனை மாசியிலிருந்து ஆடி வரைக்குமான சீசனில் அடைக்கணும். சீசன் போனால் வருசம் போச்சு. கேட்பதற்கு முதலாளி என்று ஒரு ஆள்கூடக் கிடையாது.

3

இந்த நாடகத்துக்கும் கொள்ளைநோய்க்கும் உறவு பழசு. ஸ்பெஷல் நாடகம் பெரும்பாலும் மாரியம்மன், காளியம்மன் கோயில் விழாக்களில் நடப்பது. அம்மை, வாந்திபேதி வரும் வெயில் காலத்தில்தான் காப்புக் கட்டுகிறார்கள், முளைப்பாரி எடுக்கிறார்கள், நாடகம் வைக்கிறார்கள். நோய் வராமல் இருக்க, வந்த நோய் இறங்கிப்போக, அம்மனுக்கு நேர்ந்துகொண்ட நாடகம். பெரியம்மையே 1975-க்குப் பிறகு இந்தியாவில் இல்லை. ஆனாலும் நேர்த்திக்கடன் நிற்கவில்லை.

சுவாமிகள் சபை தொடங்கிய அந்த 1918-ஆம் வருசம்தான் இன்ஃப்ளுயன்சா விசக்காய்ச்சல் வந்த வருசம். இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் சனம் செத்தது. இரண்டு கோடி வரை கணக்குச் சொல்கிறவர்களும் உண்டு. 1911-க்கும் 1921-க்கும் நடுவில் நாட்டின் மக்கள்தொகை வளராமல் குறைந்தே போனது. நாடக வரலாற்றில் 1918 என்றால் சபை தொடங்கிய வருசம். சனங்களின் வரலாற்றில் அது பிணம் விழுந்த வருசம். இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதிய ஆளைக் காண்பது அரிது.

நோய்க்காக வைத்த நாடகத்தை நோயே நிறுத்தியது 2020-இல்தான். மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்கு மாநிலம் முழுக்க 144. மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. பங்குனி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. தேதி கொடுத்தாகிவிட்டது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட் படங்களோடு நோட்டீசும் பல ஊர்களில் அடித்தாகிவிட்டது. ஒரே ராத்திரியில் அத்தனையும் வெறும் காகிதம். கையில் வாங்கிய முன்பணம் கடனாக மாறியது.

அரசாங்கம் கையில் எடுத்த சட்டங்களில் ஒன்று 1897-ஆம் வருசத்தியது. பம்பாய் பிளேக்கின்போது வெள்ளைக்காரன் போட்ட கொள்ளைநோய்ச் சட்டம். நாடகக்காரர்களுக்கு வெள்ளைக்காரன் சட்டம் ஒன்றும் புதுசு இல்லை. 1876-இல் போட்ட நாடக நிகழ்ச்சிச் சட்டம் 2018 சனவரி வரைக்கும் ஏட்டில் இருந்தது. முதல் சட்டம் நாடகக்காரன் வாயைப் பார்த்துப் பயந்தது. இரண்டாவது, கூடுகிற சனத்தைப் பார்த்துப் பயந்தது.

கூட்டம் கூடினால் நோய் பரவும். உண்மைதான், அதை நாம் மறுக்கவில்லை. நம்ம சனங்களும் செத்தார்கள். கேள்வி வேறு. 2021 மார்ச்சில் தேர்தல் கூட்டங்கள் நடந்தன, லாரி லாரியாக ஆள் இறக்கினார்கள். ஏப்ரல் 6 ஓட்டுப்பதிவு முடிந்தது. ஏப்ரல் 10-லிருந்து கோயில் திருவிழாவுக்குத் தடை. ஏப்ரல் 20-லிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் காலை நாலு மணி வரை ஊரடங்கு. 2022 சனவரியில் மறுபடியும் பத்திலிருந்து ஐந்து மணி வரை. பத்து மணி என்பது மேடையில் ஆர்மோனியம் தொடங்குகிற நேரம். ஐந்து மணி என்பது மங்களம் பாடுகிற நேரம். ஊருக்கு அது தூங்குகிற நேரம், நாடகக்காரனுக்கு அதுதான் வேலை நேரம். கடைக்காரனும் ஆபீஸ்காரனும் பகலில் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது. ராத்திரிக் கூலிக்காரனுக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

4

எல்லாக் கலையும் ஒரே மாதிரி நிற்கவில்லை என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 2020 மே 4-ஆம் தேதி மதுரையில் மீனாட்சி திருக்கல்யாணம் நடந்தது. நாலைந்து பட்டர்கள் நடத்தினார்கள், சனம் வீட்டிலிருந்து இணையத்தில் பார்த்தது. அந்த டிசம்பரில் சென்னை மியூசிக் அகாடமி தன் விழாவைச் சுருக்கி இணையத்தில் நடத்தியது. மற்ற சபாக்களும் சேர்ந்து இணையத்தில் டிக்கெட் விற்றன. மேல்தட்டுக் கலைக்கு வீடியோ இருந்தது, வெளிநாட்டு ரசிகர் இருந்தார், ஸ்பான்சர் இருந்தார். மீனாட்சிக்குக் கல்யாணம் நடந்தது. வள்ளிக்குத்தான் நடக்கவில்லை. தினைப்புனம் காத்த குறத்தி பொட்டலில்தான் கல்யாணம் கட்டுவாள். பொட்டலில் சாக்கு விரித்துப் படுத்துக்கொண்டு பார்க்கிற சனம் இல்லாமல் அந்த நாடகம் கிடையாது. பபூனின் கிண்டலுக்குக் கூட்டத்திலிருந்து எவனாவது பதில் சொல்லணும். செல்போனைப் பார்த்து யார் பதில் சொல்வது?

அரிசிக் குடும்ப அட்டைக்கு ஆயிரம் ரூபாய் வந்தது. நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது, பதிவு செய்து புதுப்பித்து வைத்திருந்தால்தான் அதன் உதவி. ஊர் ஊராகத் திரிகிறவர்களில் எத்தனை பேர் கையில் நடப்பு அட்டை இருக்கும்? பல மாவட்டங்களில் கலைஞர்கள் வேடம் கட்டிக்கொண்டு, மத்தளத்தைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனார்கள். அன்றைக்கு ராஜா வேடம் போட்ட இடம் அதுதான்.

5

இனி சாதிக்கு வருவோம். 'கலைக்குச் சாதி கிடையாது' என்று மேடையில் மைக் பிடித்துச் சொல்கிறவர்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வரலாற்றைக் கொஞ்சம் படிக்கணும். 1985-இல் சிவகங்கை தனி மாவட்டமாகும் முன்பு இந்தப் பகுதி ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் இந்த மாவட்டத்தில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். நகை போடக்கூடாது, வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கக்கூடாது, சட்டை பனியன் கூடாது, குடை செருப்பு கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. 1931 சூனில் அது பதினொரு தடையாக வளர்ந்தது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, கல்யாணத்தில் இசை கூடாது என்பதும் அதில் சேர்ந்தது. சென்சஸ் கமிஷனராக இருந்த ஜே.எச். ஹட்டனே இதை எழுதி வைத்திருக்கிறார்.

அதே காலம்தான் இங்கே நாடகம் கொடிகட்டிப் பறந்த காலமும். மேடையில் சரிகை மின்ன ராஜா பாட்டுப் பாடுகிறான். கீழே தூரத்தில் நின்று பார்க்கிற ஒருத்தனுக்குத் துண்டைத் தோளில் போட உரிமை இல்லை. ஒரே ராத்திரி, ஒரே பொட்டல்.

மேடைக்கு மேலேயும் சாதி ஏறி நின்றது. தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறைக்குப் போன விஸ்வநாததாஸ், நாவிதர் சாதியில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு சோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் இருந்தார்கள். 1940 டிசம்பர் 31 ராத்திரி சென்னையில் வள்ளி திருமண மேடையில், முருகன் வேடத்தில், மயில்மேல் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போனது. தெய்வ வேடம் கட்டினாலும் சாதி வேடம் கழறவில்லை. இன்றைக்கும் நாடக நோட்டீசை எடுத்துப் படித்தால் உபயதாரர் பெயர்களிலேயே ஊரின் சாதி வரிசை தெரிந்துவிடும். சேரியில் வைக்கிற அம்மன் நாடகம் தனி, அதற்கு நோட்டீசும் தனி. சமூக இடைவெளி விடுங்கள் என்று 2020-இல் அரசாங்கம் ஊரெல்லாம் தட்டி கட்டியபோது நம்ம தெருக்காரர்கள் சிரித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. அதை விட்டுத்தான் தலைமுறை தலைமுறையாக நிற்கிறோம்.

6

ஸ்பெஷல் நாடகக் கதைகளில் அரிச்சந்திர மயான காண்டத்துக்குத் தனி இடம். நாட்டை இழந்த ராஜா, மயானத்தை ஆளும் வீரபாகுவிடம் அடிமையாக விலைபோய்ச் சுடுகாடு காக்கிறான். பாம்பு கடித்துச் செத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருகிறாள். பெண்டாட்டி என்று தெரியாமலே அவளிடம் கால்பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்கிறான். அந்த இடத்தில் அழாத சனம் கிடையாது.

யாருக்காக அழுகிறோம்? ராஜாவாக இருந்தவன் பிணம் சுடுகிறானே என்றுதான் அழுகிறோம். வீரபாகுவுக்காக யாரும் அழுவதில்லை. வீரபாகு வரும்போது சிரிப்பும் கேலியும்தான். ராஜாவுக்கு மயானம் ஒரு சோதனை, விடிவதற்குள் தெய்வம் வந்து முடித்து வைத்துவிடும். வீரபாகுவுக்கு மயானம் சாதி, அதை முடித்து வைக்க எந்தத் தெய்வமும் இதுவரை வரவில்லை. நம் ஊர்ச் சுடுகாடுகளில் அரிச்சந்திரனுக்குக் கல் இருக்கிறது, அங்கே பாடையை இறக்கி வைத்து அவன் பேரைச் சொல்லிப் பாடுகிறவர் வெட்டியான். வீரபாகுவுக்குக் கல் எங்கே?

2020-இலும் 2021-இலும் இந்த நாடகம் மேடையில் நடக்கவில்லை, வெளியே நடந்தது. 2020 ஏப்ரல் 19-இல் சென்னையில் தொற்றால் இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்து விரட்டினார்கள். கூட வந்த மருத்துவரே மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியிருந்தது. தமிழ்நாடே பதறியது, பதற வேண்டியதுதான். ஒரே வாரத்தில், ஏப்ரல் 26-இல், அடக்கத்தைத் தடுப்பவருக்கு மூன்று வருசம் வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. ஒரு டாக்டர் மண்வெட்டி பிடித்தது அரிச்சந்திரன் கதை மாதிரி எல்லார் நெஞ்சையும் பிசைந்தது. அன்றைக்கும் மறுநாளும் அடுத்த வருசம் இரண்டாம் அலையிலும், சொந்தக்காரனே தொடப் பயந்த உடல்களை வாங்கி எரித்தவர்களும் புதைத்தவர்களும் பெரும்பாலும் நம் சாதிக்காரர்கள். பல இடங்களில் ஒழுங்கான கவச உடைகூட இல்லை. வேலை முடித்து வந்தவரைத் தெருவுக்குள் விட யோசித்த ஊர்கள் உண்டு. அவர்களுக்காகப் பாட்டு இல்லை, மேடை இல்லை, பதறவும் ஆள் இல்லை. அதே நாட்களில் அரிச்சந்திரன் வேடக்காரர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இருட்டிக் கிடந்த மேடையையும் எரிந்துகொண்டிருந்த மயானத்தையும் சேர்த்து எழுத வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

7

ஆகவே செய்ய வேண்டியது என்ன? ஆய்வு செய்கிற மாணவத் தோழர்கள் முதலில் நோட்டீசுகளைச் சேகரிக்க வேண்டும். 2020 பங்குனி, சித்திரை, வைகாசிக்கு அடித்து நடக்காமல் போன நாடக நோட்டீசுகள் அச்சகங்களிலும், கலைஞர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளிலும், கமிட்டிக்காரர் பீரோவிலும் இன்னும் கிடைக்கும். ஊர், தேதி, கதை, ஆட்கள் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. எத்தனை ராத்திரிக் கூலி போனது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. கலைஞர்கள், குறிப்பாக ஸ்திரீபார்ட்டும் டான்சும் ஆடுகிற பெண்கள், அந்த இரண்டு வருசத்தை எப்படி ஓட்டினார்கள், என்ன அடகு வைத்தார்கள், எந்த வேலைக்குப் போனார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். கூத்தாடி என்று சொல்லி வாடகைக்கு வீடு தர மறுக்கிற ஊரில் அவர்கள் பட்ட பாடு தனிப் புத்தகம்.

சங்கங்கள் கேட்க வேண்டியதும் இருக்கிறது. அரசு ஆணையால் சீசன் நின்றால் அந்த சீசனுக்கு நஷ்டஈடு, வாரிய அட்டை இல்லாதவருக்கும் சங்கப் பதிவேட்டை வைத்து உதவி. இன்னொரு நோய் வராது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அது வருவதற்குள் இதை வாங்கி வைக்க வேண்டும். அதே பட்டியலில் மயானத் தொழிலாளர் கோரிக்கையும் சேர வேண்டும்: நிரந்தர வேலை, மாதச் சம்பளம், பிள்ளைகளுக்கு வேறு வேலை.

மயான காண்டம் மறுபடியும் மேடையேறத் தொடங்கியிருக்கிறது. ஒத்திகையும் டைரக்டரும் இல்லாத நாடகம் என்பதால் வசனத்தை மாற்றுகிற சுதந்திரம் அந்தக் கலைஞர்களுக்கு உண்டு. கால்பணம் கேட்கிற அந்தக் கட்டத்தில் வீரபாகுவுக்கும் பத்து நிமிசம் கொடுங்கள். 2021-இல் தான் சுமந்த பிணங்களைப் பற்றி அவன் பேசட்டும், சனம் கேட்கட்டும்.