காட்டுநாய்க் குரல் கொண்ட கிற்றார்

டொலர் தட்டுப்பாட்டால் 1951 இல் பிரித்தானியா அமெரிக்க இசைக்கருவிகளின் இறக்குமதியைத் தடுத்தது. 1959 இல் தடை நீங்கிய பின்னரும் அவை சாதாரண இளைஞரின் கைக்கெட்டாத விலையில் இருந்தன. அவ்வேளையில், 1960 இல், மின்கிற்றார் நிறுவனம் தொடங்கினார் ஜிம் பேர்ண்ஸ்.

அடுத்த ஆண்டு வெளிவந்த அவரது 'பைசன்', காட்டெருமைக் கொம்புகள்போல் வளைந்த உடலைக் கொண்டது. அதன் ஒலித்தெரிவுகளுள் ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் 'காட்டுநாய்'! அமெரிக்கக் கருவியின் நகலாக அன்றித் தனக்கென ஒரு குரலோடு அது பிறந்தது.

1965 இல் நிறுவனம் அமெரிக்காவின் போல்ட்வின் வசமாயிற்று. எனினும், 1963 இல் தந்தையுடன் சேர்ந்து, பழைய கணப்படுப்பின் மரத்தையும் கொண்டு கிற்றார் செய்யத் தொடங்கிய பிறையன் மே, கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் காந்தச்சுருள்களாகத் தெரிந்தெடுத்தவை பேர்ண்ஸின் மூன்று சுருள்களையே. 'குயீன்' இசைக்குழுவின் ஒலிப்பதிவுகளில் நாம் இன்றும் கேட்பது அவற்றின் குரலைத்தான்.